பின்கோடு சென்னை, போலீஸ் ஆவடி, எம்.பி. ஓட்டு ஸ்ரீபெரும்புதூர்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் அப்படி என்னதான் இருக்கு?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அம்பத்தூர்க்காரர்கள் மெரினாவுக்குப் போவார்கள், ஆவடிக்காரர்கள் தி.நகருக்குப் போவார்கள். பூந்தமல்லியில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு மாலைத் தேடி வண்டியை எடுப்பார்கள். கேட்டால், "எங்க ஏரியாவுல என்ன இருக்கு? கம்பெனியும் ஏரியும்தான்" என்பதுதான் பதில்.

அந்தக் கம்பெனிக்கும் ஏரிக்கும் பின்னால் இருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. இந்திய ராணுவத்தின் டாங்குகள் இங்கே தயாராகின்றன. பெரியபுராணத்தில் வரும் ஊர்களில் சில ஒரு நாளில் சுற்றி வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. வேலைக்கும் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு நாள் சுற்றிப் பார்ப்பதற்கும் மேற்கு சென்னையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பம்: இது சென்னையா, இல்லையா?

தபால்காரரைக் கேட்டால் எல்லாமே சென்னைதான். அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056, அம்பத்தூர் எஸ்டேட் 600058. ஆனால் வரி கட்டப் போகும்போது கதை மாறிவிடும்.

அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இப்போது அது 7-வது மண்டலம். 2018-ல் அம்பத்தூர் தாலுகாவும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது, ஆனால் மாவட்டம் திருவள்ளூர். பூந்தமல்லி, திருவேற்காடு இரண்டும் நகராட்சிகள், அவற்றுக்கும் திருவள்ளூர் மாவட்டம்தான்.

போலீஸ் விஷயம் இதைவிட வேடிக்கை. 2022 ஜனவரியில் ஆவடி மாநகர காவல் ஆணையரகம் தனியாகத் தொடங்கப்பட்டபோது அம்பத்தூரும் அதன்கீழ் போய்விட்டது. அதனால் அம்பத்தூரில் குடியிருப்பவர் சொத்து வரியை சென்னை மாநகராட்சிக்குக் கட்டுகிறார், செல்போன் காணாமல் போனால் அவர் புகார் கொடுக்கும் ஸ்டேஷன் ஆவடி ஆணையரகத்தில் வருகிறது. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவது ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில். பக்கத்தில் இருக்கும் ஆவடிக்காரருக்கோ திருவள்ளூர் தொகுதி.

இதனால் என்ன பிரச்னை? தெருவில் தண்ணீர் தேங்கினால் யாருக்குப் போன் செய்வது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாமல் போகிறது. சென்னை மாநகராட்சியின் 1913 எண் அம்பத்தூருக்குப் பொருந்தும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அவரவர் மாநகராட்சி, நகராட்சி அலுவலகம்தான். இரண்டு எல்லைக்கும் நடுவில் ஓடும் கால்வாயாக இருந்தால் இழுபறி நிச்சயம்.

ரயில் முதலில் வந்தது, டாங்க் பிறகு வந்தது

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை இந்தப் பகுதி வழியாகத்தான் போகிறது. இன்றைக்குக் காலையில் நெரிசலில் தொங்கிக்கொண்டு போகும் ஆவடி மின்சார ரயிலின் தடம் அவ்வளவு பழசு.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று ஒரு தலைமுறையே ஓட்டிய சைக்கிள்கள் அந்த நிறுவனத்துடையவை. 1960-களில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ் என வாகன உதிரிபாக நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்தன. பாடியில் பஸ் ஏறுபவர்கள் இன்றைக்கும் நடத்துநரிடம், "அண்ணே, ஒரு லூக்காஸ்" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். கம்பெனிப் பெயரே ஊர்ப் பெயர் ஆகிவிட்டது.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அப்போது மாநிலத் தொழில்துறை அமைச்சராக இருந்தவர் ஆர்.வெங்கட்ராமன், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். கிண்டி தொழிற்பேட்டையைத் தொடர்ந்து வந்த இந்த எஸ்டேட், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொழிற்கூடங்களோடு நாட்டின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்றாக வளர்ந்தது.

ஆவடியின் கதை வேறு மாதிரி. 1955 ஜனவரியில் யு.என்.தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு இங்கே நடந்தது. பிரதமர் நேரு வந்திருந்தார், மாநில முதல்வர் காமராஜர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது அந்த மாநாட்டில்தான். நாட்டின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றி எழுதும் புத்தகங்களில் 'ஆவடி தீர்மானம்' என்று வருவது இதுதான்.

அதன்பிறகு 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1965 டிசம்பரில் முதல் 'விஜயந்தா' டாங்க் வெளியே வந்தது. 1971 போரில் அவை களத்தில் இருந்தன. இப்போது டி-90 'பீஷ்மா', அர்ஜுன் டாங்குகள் எல்லாம் இங்கேதான் தயாராகின்றன. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்குகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்ததும் இந்தத் தொழிற்சாலைக்குத்தான். அர்ஜுனை வடிவமைத்த டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமும் ஆவடியிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றும். டாங்க் தொழிற்சாலை வந்ததால், 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ்...' என்று தொடங்கும் ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் 'ஆவடி' என்ற பெயரே வந்தது என்பார்கள். தொழிற்சாலை வந்தது 1961. அதற்கு 6 வருஷம் முன்பே 'ஆவடி காங்கிரஸ்' நடந்து முடிந்துவிட்டது. ஃபார்வர்டு செய்வதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும்.

வேலை: வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் கதவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நடந்து போனால் பாதி கேட்டுகளில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும். டர்னர், ஃபிட்டர், வெல்டர், சி.என்.சி. ஆபரேட்டர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று எழுதியிருக்கும். அதே நேரத்தில், எஸ்டேட்டில் இருந்து 2 கிலோமீட்டர் தூரத்தில் குடியிருக்கும் டிகிரி முடித்த பையன் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை தேடி தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போவான். இது ரெண்டும் ஒரே ஊரில் நடக்கிறது.

எஸ்டேட் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டால் இதற்குக் காரணம் தெரியும். ஒரு பெரிய கார் கம்பெனிக்கு ஒரு பாகம் தேவை என்றால், அதை முதல்நிலை சப்ளையர் எடுப்பார். அவர் ஒரு பகுதியை இன்னொரு சின்ன யூனிட்டுக்குக் கொடுப்பார். அந்த யூனிட் கடைசல் வேலையை ஒரு இடத்தில், ஹீட் ட்ரீட்மென்ட்டை இன்னொரு இடத்தில், பிளேட்டிங்கை மூன்றாவது இடத்தில் கொடுத்து வாங்கும். இதைத்தான் 'ஜாப் ஒர்க்' என்கிறார்கள். பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் இந்தப் பட்டறைகள் நாளிதழில் விளம்பரம் கொடுப்பதில்லை. நௌக்ரி தளத்திலும் இருக்காது. கேட்டில் போர்டு மாட்டுவார்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் தொழிலாளியிடம் "ஊர்ல பையன் யாராவது இருக்கானாப்பா?" என்று கேட்பார்கள். ஆன்லைனில் மட்டும் தேடுபவர் கண்ணில் இந்த வேலைகள் படாததற்கு இதுதான் காரணம்.

உள்ளே நுழைய எளிதான வழி ஐ.டி.ஐ. அம்பத்தூரிலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் பொருந்தும். முடித்த பிறகு 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரன்டிஸாகச் சேர்ந்து, தேர்வு எழுதி தேசிய அளவிலான சான்றிதழ் வாங்கலாம்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. நின்றபடியே 8 மணி நேரம், ஓ.டி. இருந்தால் 12 மணி நேரம். கையில் நல்ல மெஷின் அனுபவம் சேர்ந்த பிறகுதான் பேரம் பேசும் பலம் வரும். சேரும்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, வேலை நேரடியாக கம்பெனியிலா அல்லது கான்ட்ராக்டரிடமா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். கேட்கக் கூச்சப்பட்டால், விபத்து நடக்கும் அன்றைக்குத்தான் பதில் தெரியும்.

ஆவடி டாங்க் தொழிற்சாலை வேலை பற்றி இன்னொரு விஷயம். 'எச்.வி.எஃப்.ல வேலை கிடைச்சா லைஃப் செட்டில்' என்பது ஆவடி வீடுகளில் பல வருஷமாகச் சொல்லப்படும் வாக்கியம். 2021 அக்டோபர் 1-ம் தேதி முதல் அது அரசுத் துறைத் தொழிற்சாலை அல்ல, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் ஒரு பிரிவு. அண்மையில் வந்த ஜூனியர் டெக்னீஷியன் அறிவிப்பு குறிப்பிட்ட கால ஒப்பந்த அடிப்படையிலானது. அப்பா பார்த்த அதே வேலை என்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் அறிவிப்பில் பணிக்காலம் என்ற வரியை முதலில் படிக்க வேண்டும். 'உள்ளே ஆள் இருக்கு, பணம் கொடுத்தா வாங்கித் தரேன்' என்று வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கும் பழைய தூரம் இல்லை. பழைய ஆலை நிலங்களில் ஐ.டி. கட்டடங்கள் எழுந்து பல வருஷம் ஆகிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 தளங்கள் கொண்ட டைடல் பார்க் திறக்கப்பட்டது.

சாப்பாடு: ஷிஃப்ட் முடியும் நேரம்தான் மெனு

இந்தப் பகுதியின் சாப்பாட்டைப் புரிந்துகொள்ள ஹோட்டல் ரேட்டிங் பார்த்துப் பயனில்லை, கம்பெனி சைரனைப் பார்க்க வேண்டும். காலை ஷிஃப்டுக்கு முன்பே எஸ்டேட் ஓரக் கையேந்தி பவன்களில் இட்லி, பொங்கல், வடகறி தயார். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் கூட்டம், அரை மணி நேரத்தில் காலி. இரவு ஷிஃப்ட் விடும்போது முட்டை தோசை, பரோட்டா. ஒடிசா, பிகார், ஜார்க்கண்டில் இருந்து வந்து வேலை செய்பவர்கள் அதிகமானதால் ரொட்டி, சப்ஜி, சமோசா கடைகளும் இப்போது சகஜம். ராணுவக் குடியிருப்புகள் இருப்பதால் ஆவடியில் இந்தக் கலவை ரொம்ப வருஷமாகவே உண்டு.

பாக்கெட்டில் பணம் இல்லாத நாளுக்கு 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று தொடங்கிய உணவகம் அது. ஆடி மாதம் என்றால் திருவேற்காடு பக்கம் தெருவுக்குத் தெரு கேழ்வரகுக் கூழ். பாத்திரம் எடுத்துப் போனால் போதும், யார் வீடு என்று யாரும் கேட்பதில்லை.

பெரியபுராணம் இந்த ஏரியா கதையும்கூட

பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாப்பாக இருப்பதை இங்கே குடியிருப்பவர்களே பல நேரம் கவனிப்பதில்லை.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர், பூந்தமல்லியில் இருந்து கொஞ்ச தூரம்தான். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். ஊரில் அவர் எழுப்பிய வடதிருநாகேஸ்வரம் கோயில் இன்றும் இருக்கிறது. தன் ஊரைச் சுற்றியிருந்த அடியார்களின் கதைகளும் அவர் நூலில் இடம்பெற்றன.

திருவேற்காட்டை எல்லோரும் கருமாரியம்மன் கோயிலுக்காகத்தான் அறிவார்கள். பக்கத்தில் இருக்கும் வேதபுரீஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடியது. 63 நாயன்மார்களில் மூர்க்க நாயனார் இந்த ஊர்க்காரர். அடியார்களுக்குச் சாப்பாடு போட்டே சொத்தை எல்லாம் கரைத்தவர். பணம் தீர்ந்ததும் சூதாடி ஜெயித்த பணத்தில் சோறு போட்டார். ஆட்டத்தில் ஏமாற்றியவர்களைக் கத்தியால் குத்தியதால்தான் இந்தப் பெயர். சாமர்த்தியசாலிகளும் சாதுக்களும் மட்டும்தான் புராணத்தில் வருவார்கள் என்று நினைப்பவர்கள் இவர் கதையைப் படிக்கலாம்.

திருநின்றவூர் இன்னும் மேற்கே. பூசலார் என்பவருக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனசுக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சர்களை வைத்து, நாள் குறித்துக் குடமுழுக்கு வரை போனார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசனும் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். 'பூசலார் கோயிலுக்கு நான் போகணும், நீ வேறு நாள் வை' என்று இறைவன் கனவில் சொன்னதாகக் கதை. அரசன் தேடி வந்தபோது ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை. இப்போது அங்கே இருப்பது இருதயாலீஸ்வரர் கோயில். இதய நோயாளிகள் வேண்டிக்கொள்ள வருகிறார்கள்.

இந்தப் பட்டியலில் தவறவிடக்கூடாதது திருமுல்லைவாயில். தொண்டைமான் படையோடு போகும்போது யானையின் காலில் முல்லைக் கொடி சுற்றிக்கொண்டதாகவும், வெட்டியபோது அடியில் இருந்த லிங்கத்தின்மேல் வாள் பட்டதாகவும் தல வரலாறு. இந்தச் சம்பவம் சுந்தரரின் பதிகத்திலேயே வருகிறது. சந்நிதி முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கும். எருக்கு என்றால் ரோட்டோரத்தில் இடுப்பு உயரத்தில் இருக்கும் செடி. அதில் தூண் என்றால் நின்று பார்க்கத்தான் தோன்றும். நந்தியும் இங்கே சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி இருக்கும்.

சுந்தரர் இந்த ஊருக்கு வந்த நிலைமையும் சாதாரணமானது இல்லை. திருவொற்றியூரில் சங்கிலியாருக்கு 'பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போனது. பார்வை இல்லாமல் நடந்து வந்தவர் திருமுல்லைவாயிலில் பாடினார், பார்வை வரவில்லை. திருவெண்பாக்கத்தில் பாடினார், ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். அந்த வெண்பாக்கத்தின் பழைய கோயில் இருந்த இடம், சென்னைக்குத் தண்ணீர் தர 1944-ல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறு இடத்தில் எழுப்பினார்கள். ஊருக்குத் தண்ணீர் கொடுத்த இடம் எது என்று கேட்டால் பாடல் பெற்ற தலமும் அதில் ஒன்று.

வைணவம் தேடுபவர்களுக்குப் பூந்தமல்லி. ராமானுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. இங்கே பூந்தோட்டம் வைத்து, காஞ்சி வரதருக்குப் பூ எடுத்துப் போய் விசிறி வீசும் தொண்டு செய்தவர். பூவிருந்தவல்லி என்ற பெயரிலேயே பூ இருக்கிறது. அடுத்த ஊரான திருமழிசை, திருமழிசை ஆழ்வார் அவதரித்த தலம். 2020 மே மாதம் கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் தற்காலிகமாக மாறியது இந்த ஊருக்குத்தான் என்பது பலருக்கு நினைவிருக்கும்.

இதெல்லாம் படிக்கப் புத்தகம் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. 1948-ல் வந்த சென்னை பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. வீட்டுக்காரர் கட்டுகிறார், அது வாடகையில் சேர்ந்துவிடுவதால் குடியிருப்பவரும் கட்டுகிறார். அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகங்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உண்டு. சின்ன காப்புத்தொகை கட்டினால் உறுப்பினர் ஆகலாம். வார விடுமுறை வெள்ளிக்கிழமை, அதனால் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகலாம். இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள். கதைப் புத்தக அலமாரி பக்கம் கூட்டம் குறைவு.

ஏரி: வாக்கிங் டிராக்குக்கு அப்பால்

ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் பசுமைப் பூங்கா வந்தது. நடைபாதை, படகு எல்லாம் உண்டு, சாயங்காலம் குடும்பத்தோடு வருகிறார்கள். கொரட்டூர் ஏரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கழிவுநீர் கலப்பதை நிறுத்தச் சொல்லி குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் பக்கம்தான் வரும். மேலே இருக்கும் ஏரியில் விடும் கழிவு கீழே இருப்பவர் நிலத்தடி நீரில் சேரும்.

பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். மொத்தக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறன் கொண்ட நிலையம் இங்கே இருக்கிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு இங்கிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டபோது அடையாற்றுக் கரையில் என்ன நடந்தது என்பது சென்னைக்கே தெரியும். மழைக்காலத்தில் டி.வி. ஸ்க்ரோலில் ஓடும் 'செம்பரம்பாக்கம் 21 அடி' போன்ற வரிகளை இந்த 24 என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளில் சுற்றிப் பார்க்க

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், எனவே காலையிலேயே கிளம்ப வேண்டும். சென்னை சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் மின்சார ரயிலில் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் தாண்டி திருமுல்லைவாயிலில் இறங்கலாம். அங்கே முடித்து மீண்டும் ஏறினால் அண்ணனூர், ஆவடி, இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்தது திருநின்றவூர். கல்லூரிக்காகவே பெயர் வைத்த ஸ்டேஷன் இந்து காலேஜ். திரும்பும் வழியில் ஆவடியில் இறங்கி சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் பருத்திப்பட்டு ஏரி. அங்கிருந்து பூந்தமல்லி ரோட்டில் பஸ் பிடித்தால் மாலை பூஜைக்கு பூந்தமல்லி வரதராஜ பெருமாள் கோயில்.

பூந்தமல்லியில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. சென்னை மெட்ரோவின் 4-வது வழித்தடம், கலங்கரை விளக்கத்தில் இருந்து 26.1 கிலோமீட்டர், பூந்தமல்லி பைபாஸில்தான் முடிகிறது. அதன் சோதனை ஓட்டம் 2025 மார்ச்சில் தொடங்கியது பூந்தமல்லியில் இருந்துதான்.